முன்பாரமும் ஆபத்து, பின்பாரமும் ஆபத்து! டிப்பரில் சுமையை எங்கே ஏற்றுவது?

ஐயங்கார்குளம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நடவாவிக் கிணறும் சஞ்சீவிராயர் கோயிலும் நினைவுக்கு வரும். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளுவார். உள்ளூர் விவசாயிக்கோ முதலில் நினைவுக்கு வருவது ஏரிதான். அந்த ஏரியில் வண்டல் மண் எடுத்த அனுபவத்தை வைத்து, வாசகர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்.

“ஐயா, எங்களிடம் 45 ஹெச்.பி. டிராக்டரும் இரண்டு சக்கர டிப்பரும் இருக்கின்றன. கோடையில் அனுமதி வாங்கி ஏரியிலிருந்து நிலத்துக்கு வண்டல் அடித்தோம். முழு பாரத்தோடு கரையேறும்போது டிராக்டரின் முன் சக்கரம் இரண்டும் ஒரு முழம் மேலே எழும்பிவிட்டன. ஓட்டியவன் என் அண்ணன் மகன். சட்டென்று கிளட்சை மிதித்ததால் பிழைத்தான். முன்பாரம் அதிகமாகிவிட்டது என்று சொல்லி, மறுநாளிலிருந்து மண்ணைப் பின்பக்கமாகக் கொட்டச் சொன்னோம். இப்போது மேட்டில் பின் சக்கரம் சறுக்குகிறது. ரோட்டில் போனால் டிப்பர் வாலை ஆட்டுகிறது. எதுதான் சரி?”

கேள்வி–பதில் பக்கத்தில் நான்கு வரியில் முடிக்கிற விஷயம் இல்லை இது. உயிர் சம்பந்தப்பட்டது. டிராக்டரும் டிப்பரும் வைத்திருக்கும் எல்லா வீட்டுக்கும் பொதுவானது. அதனால் இந்த இதழில் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

மாட்டு வண்டி சொல்லிக் கொடுத்தது

நம் பெரியவர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியதும் உடனே மாட்டைப் பூட்ட மாட்டார்கள். முதலில் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார்கள். தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டும் இல்லாமல், லேசாக அழுத்துகிற அளவுக்கு மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்த பிறகுதான் வண்டி கிளம்பும். பெங்களூரு ஐ.ஐ.எம். நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமஸ்வாமி மாட்டு வண்டிகளைச் சீர்திருத்தப் பல ஆண்டுகள் பாடுபட்டவர். மாட்டின் கழுத்தில் விழும் சுமையைக் குறைப்பது அவர் வலியுறுத்தியவற்றில் முக்கியமானது.

இரண்டு சக்கர டிப்பரும் அதே மாட்டு வண்டிதான். இருசு ஒன்று, சக்கரம் இரண்டு. முன்னால் மாட்டின் கழுத்துக்குப் பதில் டிராக்டரின் கொக்கி. மாடு வலித்தால் நின்றுவிடும், டிராக்டர் நிற்காது. 45 ஹெச்.பி.யும் சேர்ந்து இழுக்கும்போது முன்பாரமா பின்பாரமா என்று நமக்குத் தெரிவதே ஆபத்து வந்த பிறகுதான்.

டிப்பரின் வளையம் கொக்கியை எவ்வளவு எடையோடு கீழே அழுத்துகிறதோ, அதைக் ‘கொக்கிப் பாரம்’ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒன்றைச் சரியாக வைத்துக்கொண்டால் பாதி ஆபத்து நீங்கும்.

அரை அடிக்கு 200 கிலோ

கணக்கு சுலபம். சுமையின் நடுப்பகுதி இருசுக்கு எத்தனை அடி முன்னால் இருக்கிறது என்று பாருங்கள். சுமையின் எடையை அந்த அடியால் பெருக்கி, கொக்கி வளையத்துக்கும் இருசுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் கொக்கிப் பாரம் வந்துவிடும்.

ஓர் உதாரணம். பெட்டியின் நீளம் 10 அடி. வளையத்திலிருந்து இருசு வரை 10 அடி. காலி டிப்பரின் எடை 1 டன்; அது காலியாக இருக்கும்போதே கொக்கியில் 100 கிலோ அழுத்துகிறது. இதில் 4 டன் ஈர வண்டல் ஏற்றுகிறோம். மொத்தம் 5 டன்.

* மண்ணின் நடுப்பகுதி இருசுக்கு அரை அடி முன்னால் இருந்தால்: 200 + 100 = 300 கிலோ.
* 1 அடி முன்னால் இருந்தால்: 400 + 100 = 500 கிலோ.
* ஒன்றரை அடிக்குச் சற்று மேல் என்றால்: ஏறக்குறைய 750 கிலோ.
* இருசுக்குச் சரியாக மேலே இருந்தால்: வெறும் 100 கிலோ.
* இருசுக்கு 1 அடி பின்னால் போய்விட்டால்: கொக்கியை அழுத்துவதற்குப் பதிலாக 300 கிலோ மேலே தூக்கும்.

சுமை அரை அடி நகர்ந்தால் கொக்கியில் 200 கிலோ மாறுகிறது. ஜேசிபி பக்கெட் ஓர் அடி தள்ளிக் கொட்டினால் 400 கிலோ. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் டிராக்டருக்கு அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஐயங்கார்குளத்து வாசகர் ஒரு தவறிலிருந்து நேர் எதிர்த் தவறுக்குப் போய்விட்டதற்கு இதுதான் காரணம்.

அப்படியானால் எவ்வளவு இருக்க வேண்டும்? கார், ஜீப் பின்னால் கட்டும் சிறிய டிரெய்லர்களுக்கு, சுமையோடு சேர்ந்த மொத்த எடையில் சுமார் 10-இல் ஒரு பங்கு பந்துக் கொக்கியில் விழ வேண்டும் என்பது பரவலாக வழக்கத்தில் உள்ள கணக்கு. அமெரிக்காவில் 10 முதல் 15 சதவிகிதம் என்பார்கள். இங்கிலாந்தில் 5 முதல் 7 சதவிகிதம் போதும் என்பார்கள். டிராக்டரின் இரண்டு சக்கர டிப்பருக்கும் 10 சதவிகிதத்திலிருந்தே தொடங்கலாம். ஆனால், உங்கள் டிராக்டர் கையேட்டில் கொக்கி தாங்கும் உச்ச எடை என்று ஒரு எண் இருக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தாண்டக் கூடாது. இன்னொரு விதியும் உண்டு. டிராக்டர் எடையில் 5-இல் ஒரு பங்காவது முன் சக்கரங்களில் எப்போதும் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஸ்டியரிங் திருப்பினாலும் டிராக்டர் திரும்பாது.

கரையேற்றத்தில் என்ன நடந்தது?

2 டன் எடையுள்ள டிராக்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலியாகச் சமதளத்தில் நிற்கும்போது முன் சக்கரங்களில் 800 கிலோ, பின் சக்கரங்களில் 1,200 கிலோ. முன் இருசுக்கும் பின் இருசுக்கும் நடுவே ஆறரை அடி. கொக்கி பின் இருசுக்கு இரண்டரை அடி பின்னால், தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் இருக்கிறது. 5-இல் ஒரு பங்கு விதிப்படி முன்னால் 400 கிலோ எப்போதும் இருந்தாக வேண்டும்.

முன்பாரமாக 750 கிலோ விழும் 5 டன் டிப்பரோடு இது கரையேறுகிறது. 10 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றம் என்று வைப்போம். மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கும்.

ஒன்று, கொக்கிப் பாரம். பின் இருசைத் தாண்டி வெளியே அழுத்துவதால், ஏற்றமரம் போல முன்பக்கத்தை மேலே தூக்கும். இதனால் முன்னால் குறைவது ஏறக்குறைய 290 கிலோ.

இரண்டு, இழுவை. ஏற்றத்தில் 5 டன்னை இழுக்க 500 கிலோ விசை வேண்டும். ஏரி மண்ணில் சக்கரம் புதைவதால் இன்னும் 250 கிலோ. இந்த 750 கிலோ இழுப்பும் கொக்கி வழியாகத்தான் போகிறது. இதனால் முன்னால் குறைவது ஏறக்குறைய 260 கிலோ.

மூன்று, டிராக்டர் சாய்ந்து நிற்பதால் அதன் சொந்த எடையே பின்னால் போகிறது. இது சுமார் 75 கிலோ.

கூட்டினால் 625 கிலோ. 800-இல் 625 போனால் மிச்சம் 175. தேவை 400. இந்த நிலையில் கிளட்சைச் சட்டென்று விட்டாலோ, ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று கொடுத்தாலோ, சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்தாலோ அந்த 175-ம் போய்விடும். முன்பக்கம் எழும்ப ஆரம்பித்தால், டிராக்டர் பின்னோக்கிக் கவிழும் நிலைக்குப் போக ஒரு நொடிகூட ஆகாது. கிளட்சை மிதித்த அந்தப் பையன் சரியானதைத்தான் செய்தான். ஆனால் எல்லா நேரமும் கால் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது.

இப்போது கொக்கிப் பாரத்தை மட்டும் 500 கிலோவாக, அதாவது 10 சதவிகிதமாகச் சரிசெய்தால்? முன்னால் மிச்சம் சுமார் 270 கிலோ. பரவாயில்லை, ஆனால் இன்னும் 400 வரவில்லை. மண்ணை 4 டன்னிலிருந்து 2 டன்னாகக் குறைத்து, கொக்கிப் பாரத்தை 300 கிலோவாக வைத்தால் முன்னால் 450 கிலோ நிற்கும். இப்போதுதான் பத்திரம்.

இது தோராயக் கணக்குதான். உங்கள் டிராக்டரின் அளவுகள் மாறும், கரையின் சரிவு மாறும். ஆனால் பாடம் மாறாது. சுமையைச் சரியான இடத்தில் வைப்பது ஒரு பாதி. ஏற்றத்துக்குத் தகுந்த சுமை வைப்பது மறு பாதி. முதல் பாதியைச் சரியாகச் செய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிட்டாலும் முன் சக்கரம் எழும்பும்.

மண் விலை பேசும் ‘யூனிட்’ கணக்கை வைத்தே இதைப் பாருங்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஒரு யூனிட் நெல் சுமார் ஒன்றரை டன்தான். ஒரு யூனிட் ஈர வண்டல் 4 டன்னைத் தாண்டும். பெட்டி அதே பெட்டிதான். நெல்லுக்குப் பெட்டி நிறைய ஏற்றிய பழக்கத்தில் வண்டலையும் பெட்டி நிறைய ஏற்றினால், எடை இரண்டரை மடங்கு கூடிவிடும்.

பின்னால் தள்ளினால் தீர்ந்துவிடுமா?

தீராது. இடம் மாறும், ஆபத்து போகாது. பின்பாரம் கொக்கியை மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரத்தில் இருக்கும் எடை குறையும். எடை குறைந்தால் பிடிப்பு குறையும். மேட்டில் டயர் அதே இடத்தில் சுற்றும். வாசகர் சொல்லும் சறுக்கல் இதுதான். ஏற்றத்தில் டிப்பரின் சுமை இன்னும் பின்னோக்கிச் சாய்வதால், சமதளத்தில் சுமாராக இருந்த பின்பாரம் ஏற்றத்தில் அதிகமாகிவிடும். சறுக்கிப் பின்னால் உருள ஆரம்பித்தால் பிரேக்கும் நிற்காது, ஏனென்றால் நம்மிடம் இருக்கும் டிப்பர்கள் பெரும்பாலும் பிரேக் இல்லாதவை. டிராக்டரின் பின் சக்கரம்தான் மொத்தப் பாரத்தையும் பிடித்து நிறுத்த வேண்டும்; அதற்கே பிடிப்பு இல்லை.

ரோட்டில் வாலை ஆட்டுவதும் இதே காரணத்தால்தான். பின்பக்கம் கனமான டிப்பர் ஒரு குழியில் லேசாக விலகினால், அந்த விலகல் அடங்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெருகும். வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும். அப்படி ஆட ஆரம்பித்தால் சடக்கென்று பிரேக் போடாதீர்கள். ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். ஓரமாக நிறுத்தி, சுமையை முன்னால் நகர்த்திய பிறகுதான் மறுபடி கிளம்ப வேண்டும்.

எடைமேடையில் ஒரு முறை பாருங்கள்

அரிசி ஆலை, ஜல்லி கிரஷர் என்று எடைமேடை இருக்கும் இடங்கள் நம் பகுதியில் குறைவில்லை. வழக்கமாக ஏற்றும் சுமையோடு ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தால், ஆயுசுக்கும் உங்கள் டிப்பரின் குணம் தெரிந்துவிடும். மேடையும் அதை ஒட்டிய தரையும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். ஓட்டுநர் எல்லாத் தடவையும் சீட்டில் இருக்க வேண்டும், அல்லது எல்லாத் தடவையும் இறங்கியிருக்க வேண்டும்.

1. டிப்பர் இல்லாமல் டிராக்டரை மட்டும் முழுசாக ஏற்றி எடை எழுதிக்கொள்ளுங்கள். உதாரணம்: 2,000.
2. டிராக்டரின் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் வையுங்கள். உதாரணம்: 800.
3. சுமை ஏற்றிய டிப்பரை இணைத்து, டிராக்டர் மட்டும் மேடையில், டிப்பர் சக்கரம் வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். 2,500 வந்தால், கூடுதலாக வந்த 500 கிலோதான் கொக்கிப் பாரம்.
4. அதே நிலையில் முன் சக்கரத்தை மட்டும் மேடையில் வையுங்கள். 600 அளவில் வர வேண்டும். இது சமதளக் கணக்கு. ஏற்றத்தில் இன்னும் குறையும் என்பதை மறக்காதீர்கள்.
5. கடைசியாக டிப்பர் சக்கரத்தை மட்டும் எடை போடுங்கள். 4,500 வந்தால், அதோடு 500-ஐக் கூட்டினால் டிப்பரின் மொத்த எடை 5,000. அதில் 500 என்பது 10 சதவிகிதம்.

மூன்றாவது எடை முதல் எடையைவிடக் குறைவாக வந்தால், உங்கள் டிப்பர் பின்பாரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே வெளியே எடுக்காதீர்கள்.

ஏற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதல் வேலை, பெட்டியின் இரண்டு பக்கப் பலகையிலும் இருசுக்கு நேர் மேலே பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 1 அடி முன்னால் இன்னொரு கோடு. சுமையின் உச்சி இந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில் விழ வேண்டும். ஜேசிபி ஓட்டுநருக்கும் அறுவடை மெஷின் ஓட்டுநருக்கும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கோட்டைக் காட்டினால் போதும்.

*நெல்:* நவரை அறுவடையில் மெஷின் குழாயிலிருந்து நெல் ஒரே இடத்தில் குவிகிறது. குழாய் முன்பலகையை ஒட்டி நின்றால் முன்பாரம், பின்கதவை ஒட்டி நின்றால் பின்பாரம். பாதி கொட்டியதும் டிராக்டரை ஓரிரு அடி நகர்த்தச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஏறி மட்டம் தட்டுவதாக இருந்தால் மெஷினும் டிராக்டரும் நின்ற பிறகுதான் ஏற வேண்டும்.

*மூட்டை:* கொள்முதல் நிலையத்துச் சாக்கு 40 கிலோ. 50 மூட்டை என்றால் 2 டன். இருசுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாகவும் பின்னால் கொஞ்சம் குறைவாகவும் அடுக்குங்கள். வழியில் பாதி மூட்டை இறக்க வேண்டியிருந்தால், முன்பக்கத்தை மட்டும் காலி செய்துவிட்டு மிச்சத்தோடு கிளம்பாதீர்கள். மீதியை நடுவுக்கு நகர்த்திய பிறகே வண்டியை எடுங்கள்.

*வண்டல், மணல், ஜல்லி:* பெட்டியின் உயரத்தைப் பார்த்து ஏற்றாமல் எடையைப் பார்த்து ஏற்றுங்கள். கரை ஏற வேண்டியிருந்தால் அரைப் பெட்டி. நடை கூடும், டீசல் கூடும். ஆனால் வீட்டுக்கு ஆள் முழுசாக வந்து சேருவான்.

*கரும்பு, வைக்கோல்:* படாளம் ஆலைக்குக் கரும்பு அடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது பின்பக்க நீட்டம். பெட்டியைத் தாண்டி வெளியே நீளும் கரும்பு, எடை குறைவாக இருந்தாலும் தூரம் அதிகமாக இருப்பதால் பின்பாரமாகிவிடும். வைக்கோல் எடை குறைவு, உயரம் அதிகம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினாலே பக்கவாட்டில் சாயும்.

கொக்கியிலும் கண் வையுங்கள்

* வளையத்தை எப்போதும் டிராக்டரில் அதற்கென்று இருக்கும் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் இடத்திலோ, பின் இருசுக்கு மேலேயோ சங்கிலி, கயிறு கட்டி எதையும் இழுக்கக் கூடாது. இழுக்கும் இடம் உயர உயர முன் சக்கரம் சீக்கிரம் எழும்பும்.
* கொக்கியின் பின்னுக்குப் பூட்டு இல்லாமல் ஓட்டாதீர்கள். பின்பாரத்தில் வளையம் மேலே குதிக்கும்போது, பூட்டு இல்லாத பின் கழன்றுவிடும். கூடவே ஒரு காவல் சங்கிலியும் போடுங்கள்.
* டிப்பரைத் தூக்கிக் கொட்டும்போது சுமை முழுவதும் பின்னால் போகும். கொக்கி மேலே இழுபடும். சமதளத்தில் மட்டும் தூக்குங்கள். ஈர மண் ஒட்டிக்கொண்டு இறங்காவிட்டால், டிராக்டரை முன்னும் பின்னும் உலுக்காதீர்கள். பெட்டியை இறக்கிவிட்டு மண்வெட்டியால் தள்ளுங்கள்.
* சுமையோடு டிப்பரைக் கழற்றவே கூடாது. முன்பாரமாக இருந்தால் முன்பக்கம் காலில் விழும். பின்பாரமாக இருந்தால் முன்பக்கம் எகிறித் தாடையில் அடிக்கும். காலி டிப்பரைக் கழற்றினாலும் சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்னால் ஸ்டாண்டு கொடுத்த பிறகே பின்னை உருவ வேண்டும்.
* ரோட்டில் ஏறுமுன் டிராக்டரின் இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். சேற்றில் திரும்புவதற்காகப் பிரித்து வைத்ததை மறந்துவிட்டு ரோட்டில் பிரேக் போட்டால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும்.
* இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி. புத்தகத்தில் டிரெய்லருக்குப் பதிவான மொத்த எடையைத் தாண்டி ஏற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-வது பிரிவு சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட 194-வது பிரிவின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

அபராதத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் கான்பூர் அருகே காதம்பூரில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் வந்த டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து 26 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் பெண்களும் குழந்தைகளும்தான். மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். மனிதர்கள் ஒரு பக்கமாக நகருவார்கள், எட்டிப் பார்ப்பார்கள். டிரெய்லர் அதற்குச் செய்யப்பட்டது அல்ல.

இதே விஷயத்தில் வாசகர்கள் கேட்கும் மற்ற கேள்விகள்

கேள்வி: முன் சக்கரம் எழாமல் இருக்க, ஏற்றத்தில் பம்பர் மேல் ஓர் ஆளை உட்கார வைக்கிறோம். சரியா?

கூடவே கூடாது. 60 கிலோ ஆள் உட்கார்ந்தால் முன் சக்கரத்தில் கூடுவது 80 கிலோவுக்கும் குறைவு. ஒரு குலுக்கலில் விழுந்தால் அவர் மேலேயே டிராக்டர் ஏறும். பதிலாக, கம்பெனி தரும் முன் எடைக்கட்டிகளைப் போடுங்கள். முன் இருசுக்கு 2 அடி முன்னால் 100 கிலோ மாட்டினால் முன் சக்கரத்தில் ஏறக்குறைய 130 கிலோ கூடும். எடைக்கட்டி போட்டுவிட்டோமே என்று சுமையைக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நான்கு சக்கர டிரெய்லருக்கும் இந்தக் கணக்கு உண்டா?

முன்னும் பின்னும் இருசு உள்ள, முன் இருசு தனியாகத் திரும்பும் டிரெய்லரில் கொக்கிப் பாரம் கிட்டத்தட்ட இல்லை. சுமையை அதன் நான்கு சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். ஆனால் இழுவை அப்படியே இருக்கிறது. ஏற்றத்தில் முன் சக்கரத்தைத் தூக்கும். பின் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கக் கொக்கிப் பாரமும் இல்லாததால் சேற்றில் சீக்கிரம் சறுக்கும். ஆகவே, அங்கேயும் அளவான சுமைதான் வழி.

கேள்வி: ஜீப்பின் பின்னால் சிறிய டிரெய்லர் கட்டித் தீவனம் கொண்டு வருகிறேன். எடைமேடைக்குப் போகாமல் பார்க்க முடியுமா?

முடியும். நெல் எடை போடும் பிளாட்பாரத் தராசு போதும். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். டிரெய்லர் வளையம் ஜீப்பில் மாட்டும்போது இருக்கும் அதே உயரத்தில் தராசின் மேல் உறுதியான கட்டையை நிறுத்தி, அதன்மேல் வளையத்தை உட்கார வையுங்கள். சுமையோடு டிரெய்லர் மொத்தம் 600 கிலோ என்றால் தராசு 60 கிலோ அளவில் காட்ட வேண்டும். கூடினால் தீவன மூட்டையைப் பின்னால், குறைந்தால் முன்னால் நகர்த்துங்கள். ஜீப் கையேட்டில் கொக்கிக்கு அதைவிடக் குறைந்த எண் இருந்தால், அந்த எண்தான் உங்கள் எல்லை.

கேள்வி: என் டிராக்டரின் முன், பின் எடை எவ்வளவு என்று எங்கே தெரிந்துகொள்வது?

கையேட்டில் இருக்கும். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து வெளியிடும் அறிக்கைகளிலும் இந்த எடைகள் இருக்கும். காஞ்சிபுரம் பகுதி விவசாயிகள் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டால் விளக்குவார்கள்.

ஐயங்கார்குளத்து வாசகருக்கு

நீங்கள் முதலில் கண்டுபிடித்த காரணம் சரி. செய்த மருந்துதான் தவறு. பின்னால் கொட்டுவதை நிறுத்துங்கள். பெட்டியில் இரண்டு கோடு போடுங்கள். ஏரியிலிருந்து எடுக்கும்போது அரைப் பெட்டி வண்டல் போதும். கரையேறுமுன் அடியிலேயே சின்ன கியரைப் போட்டு, நடுவில் மாற்றாமல், ஒரே சீராக ஏறுங்கள். கரைச் சரிவை நேராக ஏறுங்கள். குறுக்காக ஏறினால் பக்கவாட்டில் கவிழும். முன் சக்கரம் லேசாக மிதப்பது போலத் தெரிந்தால் உடனே கிளட்சை மிதியுங்கள். முன் சக்கரம் தரையில் உட்கார்ந்ததும் மெதுவாகப் பிரேக் பிடித்து, சுமையைக் குறைத்த பிறகே அடுத்த முயற்சி. டிப்பருக்குப் பின்னால் யாரும் நிற்க வேண்டாம்.

உங்கள் அண்ணன் மகனிடம் ஒரு வேலை சொல்லுங்கள். அடுத்த முறை நெல் ஏற்றிப் போகும்போது எடைமேடையில் அந்த ஐந்து எடைகளையும் அவனே எழுதிக்கொண்டு வரட்டும். அந்தச் சீட்டை டிராக்டரின் டூல் பாக்ஸ் மூடிக்குள் ஒட்டி வைக்கட்டும். அன்று அவன் கால் காப்பாற்றியது. இனிமேல் அந்தக் கணக்கு காப்பாற்றட்டும்.